ஜமாப்பை ஏன் ஹெட்போனில் கேட்க முடியாது?

கோவை கொடிசியா மைதானத்தில் சினிமா இசைக் கச்சேரி என்று அறிவிப்பு வந்தால் போதும், டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒருவராவது கேட்பார்: "ஏனுங்க, அந்தப் பாட்டெல்லாம் போன்லயே இருக்குதுங்களே. காசும் குடுத்துப்போட்டு அவினாசி ரோட்டு ட்ராபிக்லயும் நிக்கோணுமா?" நியாயமான கேள்விதான். "நேர்ல கேக்கற மாதிரி வருங்களா" என்ற பதிலும் தயாராக இருக்கும். ஏன் வராது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இசையோ ஒலியியலோ படிக்காதவர்களுக்காக அந்த 'ஏன்' என்பதை மட்டும் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரில் கேட்பது உயர்த்தி, பதிவில் கேட்பது மட்டம் என்ற பேச்சு எனக்கு ஒப்பாது. இரண்டும் வேறு வேறு இன்பங்கள். நேரில் கேட்கும்போது, பாடுகிறவருக்கும் நீங்கள் இருப்பது தெரிகிறது. உங்கள் சத்தம் கேட்கிறது. பதிவில் கேட்பது நீங்கள் மட்டும்தான். மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்து கிளைத்தவை. மீதிப் பாதி காற்று, சுவர், ஸ்பீக்கர் சம்பந்தப்பட்டது. அதை முதலில் முடித்துவிடலாம்.

வட்டில் குறையில்லை

பதிவு செய்தால் இசையின் தரம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கேசட் காலத்தில் அதில் உண்மை இருந்தது. இப்போது அவ்வளவாக இல்லை. மனிதக் காது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடிக்குள் காற்று எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. எண் சிறிதானால் கும்மென்ற அடிநாதம். பெரிதானால் கீச்சென்ற ஒலி. 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதிவைத்தது. கேட்கக்கூடிய உச்ச அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால், அந்த ஒலியை மறுபடி முழுசாக உருவாக்கிவிடலாம் என்பது கணிதம். ஆக, காதுக்கு வேண்டிய தகவல் நாற்பது வருடத்துக்கு முன்பே வட்டில் ஏறிவிட்டது.

சிக்கல் வருவது, அந்த எண்களை மறுபடி காற்றின் அசைவாக மாற்றும் இடத்தில்.

தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலப்பக்கம் வலந்தலை. விரல்களில் கெட்டியான கூடுகளை மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். சடசடவென்ற கூர்மையான சொற்கள் அங்கே பிறக்கும். இடப்பக்கம் தொப்பி. அதைக் குச்சியால் அடிப்பார்கள். கும்மென்ற அடி அங்கிருந்து வருவது. இப்போது ஏதாவது ஒரு கல்யாண வீடியோவைப் போன் ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள். கெட்டிமேளத்தின்போது வலந்தலை மட்டும் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி கேட்கும். தொப்பி இருக்கிற இடமே தெரியாது. அடிநாதத்தை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அகலமான ஸ்பீக்கர் வேண்டும். போனில் இருப்பது விரல்நகம் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது ஏறக்குறையக் கைவிட்டுவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடிநாதம் வெட்டுப்பட்டாலும், அதோடு சேர்ந்து, அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் வரும் மேலதிர்வுகளை வைத்து மூளையே அந்தச் சுருதியை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். போனில் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பது அதனால்தான். விட்டுப்போன சுருதியை மூளை நிரப்பித் தரும். நெஞ்சில் விழவேண்டிய அடியை அதனால் நிரப்ப முடியாது.

நெஞ்சில் விழுகிற அடி என்றதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஜமாப்தான் நினைவுக்கு வரும். நோம்பி என்கிற ஊர்த் திருவிழாவின் ஊர்வலத்தில் பெரிய பெரிய டிரம்களைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு குழுவே ஒரே அடியாக அடித்துக்கொண்டு தெருமுனை திரும்பும். ஓரத்தில் நிறுத்திய காரின் கண்ணாடி நடுங்கும். டீக்கடை மேசையில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். சட்டையின் முன்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால், ஒவ்வொரு அடிக்கும் துணி மெல்லத் துடிப்பது விரலில் தெரியும். அந்த நேரம் காது மட்டுமா கேட்கிறது? தோல், விலா எலும்பு, காதுக்குள் உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்கிற உறுப்பு எல்லாம் சேர்ந்து கேட்கின்றன.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஒரு மின்னணு இசைக் கச்சேரியின் நடுவே, காதுக்குப் பெரும்பாலும் பிடிபடாத 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத் தனி ஸ்பீக்கர்கள் வழியே அவ்வப்போது விட்டு விட்டு நிறுத்தினார்கள். அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் ஓடிய நேரங்களில் அவர்கள் சராசரியாக 11.8 சதவீதம் கூடுதலாக அசைந்தார்கள். 2022இல் வெளியான ஆய்வு இது. ஜமாப் அடிக்கும்போது, "எனக்கு ஆடவே தெரியாது" என்கிற பெரியப்பாவும் தோளைக் குலுக்குவதற்குக் காரணம் தேட இனி வேறெங்கும் போக வேண்டாம்.

ஹெட்போன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினதாக இருந்தாலும், காதோரம் இருக்கிற கைப்பிடியளவு காற்றைத்தான் அசைக்கும். விலா எலும்புக்கு அங்கே வேலை இல்லை.

சுவரும் பாடுகிறது

நேரில் நமக்குக் கேட்பது பாடகரின் வாயிலிருந்து நேராக வரும் ஒலி மட்டும் கிடையாது. அதே ஒலி தரையில், தூணில், கூரையில் பட்டுத் திரும்பி, சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகள் தாமதமாக நம்மை வந்தடைகிறது. மிகச் சீக்கிரம் திரும்பி வருவதைக் காது தனியாகப் பிரிக்காது. முதல் ஒலியோடு சேர்த்துக்கொண்டு குரல் கனத்துவிட்டதாக உணரும். கொஞ்சம் பிந்தி வந்தால் கார்வை. ரொம்பப் பிந்தினால் எதிரொலி.

கொங்கேழ் தலங்கள் என்று சொல்லும் ஏழில் அவினாசிக்கோ பவானிக்கோ கூட்டம் இல்லாத சாயங்காலத்தில் போய், மைக் வைக்காமல் ஓதுவார் பாடக் கிடைத்தால் இது புரிந்துவிடும். கருங்கல் ஒலியை விழுங்காது, திருப்பி அனுப்பும். ஒரு வரியின் கடைசி எழுத்து அடங்குவதற்குள் அடுத்த வரி தொடங்கினால் குழம்பும் என்பது ஓதுவாருக்குத் தெரியும். அதனால் இழுத்து நிறுத்தி, அடங்க விட்டு, அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போவார். அந்தப் பாட்டின் வேகத்தை மண்டபமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

இதே பண்பு கல்யாண மண்டபத்தில் எமனாகிவிடும். வழுவழு டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், உயரமான கூரை. அதில் நாலு பெரிய ஸ்பீக்கரை வைத்து நாதஸ்வரத்துக்கும் மைக் கொடுத்தால், சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் ரசம் கேட்கிறாரா மோர் கேட்கிறாரா என்றுகூடத் தெரியாது. நாதஸ்வரம் வெட்டவெளியில், தேரோடும் வீதியில் கேட்பதற்கென்றே அமைந்த வாத்தியம். நாலு சுவருக்குள் அதற்கு மைக் தேவையே இல்லை என்பது என் பல நாள் மனத்தாங்கல். யாரும் கேட்பதாக இல்லை.

மைதானத்தில் சுவர்த் தொல்லை இல்லை. அங்கே தூரம்தான் தொல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால், அங்கே அடித்த டிரம் அடி உங்களிடம் வந்து சேர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. அதனால் எல்இடி திரையில் கை இறங்கிய பிறகு சத்தம் வரும். பெரிய கச்சேரிகளில் நடுவே தனி ஸ்பீக்கர் கோபுரங்கள் நிறுத்தி, மேடைச் சத்தம் அங்கே வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் போட்டு, அந்த அளவுக்குத் தாமதப்படுத்தி ஒலிக்க விடுவார்கள். கணக்குத் தப்பினால் ஒரே வரி இரண்டு தரம் கேட்கும்.

பதிவில் இந்த இடம் எல்லாம் யாரோ ஒருவர் முன்கூட்டியே தேர்ந்து வைத்தது. பாடகரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் இருந்திருக்கும். பெரிய மண்டபத்தில் பாடுவது போன்ற கார்வையைப் பிறகு கணினியில் சேர்த்திருப்பார்கள். மூச்சு இழுக்கிற சத்தம் காதுக்குள் கேட்கும் அளவுக்கு நெருக்கம், கூடவே கோயில் மண்டபத்தின் விரிவு: இந்த இரண்டும் நேரில் ஒருசேரக் கிடைக்காது. பதிவால் மட்டுமே முடிகிற அதிசயம் அது.

மூன்று நிமிடத்துக்குள் சுந்தராம்பாள்

ஒலியைப் பதித்து மறுபடி கேட்கும் கருவியை எடிசன் செய்தது 1877இல். இந்தியாவில் கிராமபோன் கம்பெனி 1902இல் கல்கத்தாவில் பதிவைத் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் மைக் கிடையாது. பெரிய கூம்புக்குள் தலையை நீட்டாத குறையாகப் பாட வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். மின்சார மைக் பதிவுக்கு வந்தது 1925இல். வந்த பிறகும் நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் ஓடும்.

இந்த மூன்று நிமிடம் என்னவெல்லாம் செய்தது என்று புரிய, நம்மூர் ஆளையே பார்க்கலாம். கே.பி.சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். அவர் நாடக மேடைக்கு வந்த காலத்தில் கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கிற மாதிரி, தொண்டையை மட்டும் நம்பிப் பாட வேண்டும். அந்தக் குரலின் எடுப்புக்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எஸ்.ஜி.கிட்டப்பாவும் அவரும் ஜோடியாக நடித்த நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. அந்த நாள் நாடகங்களில் தர்க்கப் பாட்டு என்று ஒன்று உண்டு. வேடனாக வந்த முருகனும் தினைப்புனம் காக்கிற வள்ளியும் பாட்டாலேயே வாதாடுவார்கள். இவர் ஒன்று எடுத்துவிட, அவர் அதற்கு மேல் ஒன்று போட, கொட்டகை "ஒன்ஸ்மோர்" என்று கத்தும். கத்தினால் மறுபடி பாடுவார்கள். ஆனால் முதல் தரம் பாடிய மாதிரியே பாட மாட்டார்கள். அதே வரியை வேறு மாதிரி வளைத்துப் பாடுகிற சங்கதி இன்னும் இரண்டு கூடும். இரவு முழுக்க ஓடும்.

இதில் இசைத்தட்டுக்குள் எது போகும்? மூன்று நிமிடம். ராக ஆலாபனை அரை நிமிடமாகச் சுருங்கும். எதிராளி இல்லை, ஒன்ஸ்மோர் இல்லை, கொட்டகையின் சிரிப்பு இல்லை. அதையெல்லாம் இழந்தோம் என்பது உண்மைதான். அதே சமயம், 1933இல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோன கிட்டப்பாவின் குரல் இன்று நம் காதில் விழுவது அந்த மூன்று நிமிடத் தட்டுகளின் தயவால்தான். மேடையில் கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தட்டு இருக்கிறது.

தேவாரம் ஆயிரத்து முந்நூறு வருடமாக எந்தத் தட்டும் இல்லாமல் வந்து சேரவில்லையா என்று கேட்கலாம். பாட்டு வந்தது. சுந்தரரின் குரல் வரவில்லை.

யார் யாரைக் கேட்கிறார்கள்

நேரடி இசையின் உயிர் எனக்குப் படும் இடம் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

கொங்கு நாட்டுக் கிராமங்களில் பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடுவது பல இரவுகள் தொடரும் காரியம். முன்பாட்டுக்காரர் ஒரு வரி பாடி நிறுத்த, பின்பாட்டுக்காரர் அதை வாங்கிக்கொள்வார். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை விரல்களால் இறுக்கினால் சுருதி மேலே ஏறும், விட்டால் இறங்கும். ஒரே அடி அழுகையாகவும் அதட்டலாகவும் மாறுவது அந்தப் பிடியில்தான். பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழும் கட்டம் வரும்போது, கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அருள் வந்து விழுவார்கள். விழுந்தவர்களை எழுப்புகிற வரைக்கும் பாட்டுக்காரர் கதையை நகர்த்த முடியாது. கூட்டம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அன்றைக்குக் கதையின் நீளமும்.

1960களில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயம் பக்கத்தில் தங்கி, இந்தக் கதையை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். அந்தப் பதிவு இல்லாவிட்டால் அன்றைய பாட்டின் வடிவம் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் இன்றைக்கு அதைக் கேட்கிற நாம், நடுச்சாமத்தில் விழித்திருந்த ஒரு கூட்டத்துக்குப் பாடினதை ஒட்டுக்கேட்கிறவர்கள்தான். அந்தப் பாட்டில் எங்கே நீட்டினார், எங்கே விட்டுக் கடந்தார் என்பதை முடிவு செய்தது அந்தக் கூட்டம்; நாம் இல்லை.

கர்நாடகக் கச்சேரியிலும் இது உண்டு, சத்தம் குறைவாக. முன்வரிசையில் நாலு பேர் தாளம் போட்டுக்கொண்டு கூடவே வந்தால், ஸ்வரங்களை அந்த நேரத்திலேயே கற்பனையாகக் கோத்துப் பாடுகிற கல்பனாஸ்வரத்தில் பாடகர் தாளக் கணக்கை இன்னும் கொஞ்சம் சிக்கலாக்கிப் பார்ப்பார். எதிரில் எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், சட்டென்று முடித்து, மிருதங்கம் தனித்து வாசிக்கிற தனியாவர்த்தனத்துக்கு விட்டுவிடுவார். தனி தொடங்கியதும் காபி குடிக்க எழுந்து போகிறவர்களைப் பற்றி மிருதங்கக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வள்ளி கும்மியில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆசிரியர் நடுவில் நின்று பாட, சுற்றி ஆடுகிற நூற்றுக்கணக்கான பேர் கைதட்டி, அடியெடுத்து வைத்து, பதில் சொல்கிறார்கள். அங்கே கேட்பவர் யார், இசைப்பவர் யார்? மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பல்லாண்டுகளாக வள்ளி ஒயில் கும்மி சொல்லிக்கொடுத்த எம்.பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இப்போது ஊர் ஊருக்கு அரங்கேற்றம் நடக்கிறது. கற்றுக்கொள்கிற பிள்ளைகள் பாட்டைப் போனில் பதிந்து வைத்து வீட்டில் அடி பழகுகிறார்கள். பதிவுக்கும் நேரடிக்கும் சண்டை என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஆய்வுகளும் இந்தப் பக்கமே கை காட்டுகின்றன. சூரிச்சில் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில், பியானோ வாசிப்பவருக்குக் கேட்பவரின் மூளையில் அமிக்டலா என்ற பகுதி எப்படி இயங்குகிறது என்பதை உடனுக்குடன் காட்டினார்கள். உணர்ச்சிகளோடு தொடர்புள்ள பகுதி அது. அதைப் பார்த்து அவர் தன் வாசிப்பை மாற்றிக்கொள்ளலாம். பதிவை ஒலிக்கவிட்டபோது இருந்ததைவிட, நேரடி வாசிப்பின்போது அந்தப் பகுதியின் இயக்கம் கூடுதலாகவும் சீராகவும் இருந்தது. மெக்மாஸ்டர் ஆட்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஒரு ராக் பாடகரின் பாட்டுகளை ஒரு கூட்டத்துக்கு நேரில் பாடச் செய்து, அதே அரங்கில் இன்னொரு கூட்டத்துக்கு அவற்றின் பதிவை மட்டும் போட்டார்கள். நேரில் கேட்டவர்களின் தலையாட்டல் வேகமாக இருந்தது. ஏற்கெனவே அவரது ரசிகர்களாக இருந்தவர்கள் தாளத்தோடு இன்னும் நெருங்கி ஆட்டினார்கள்.

ஏற்கெனவே ரசிகர் என்றால், பதிவுகளைக் கேட்டு ரசிகரானவர் என்றுதானே பொருள்?

பஸ்ஸிலும் தறிக்குடோனிலும்

பதிவின் இன்பத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் பொள்ளாச்சிக்கோ கோபிக்கோ தனியார் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனதில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். டிரைவர் போடுகிற பாட்டுக்காகவே ஒரு வண்டியை விட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் இங்கே உண்டு. அந்த இன்பம் எதிர்பார்ப்பில் இருக்கிறது. பல்லவி முடிந்ததும் வயலின்கள் எங்கே ஏறும், எந்த நொடியில் தபேலா உள்ளே வரும் என்று உங்களுக்கு மனப்பாடம். அது வருவதற்கு முன்பே உடம்பு தயாராகிறது. 2011இல் மான்ட்ரியலில் நடந்த ஆய்வில், தங்களுக்குப் பிடித்த பாட்டின் உச்சக்கட்டத்துக்காகக் காத்திருக்கும்போது மூளையின் ஓரிடத்திலும், உச்சம் வந்தபோது இன்னோரிடத்திலும், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரப்பதைப் படம்பிடித்தார்கள். காத்திருப்பதே ஒரு தனி இன்பம். மாறாமல் அப்படியே திரும்ப வருகிற பதிவில்தான் அது கைகூடும்.

ஆனால் பஸ்ஸில் பாட்டு எடுபட வேண்டுமென்றால் அதற்கு ஒரு தந்திரம் தேவை. இன்ஜின் சத்தம் பாட்டின் மெல்லிய இடங்களை மூடிவிடும். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடுகிற குடோன்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு). அங்கேயும் பாட்டு ஓடும். அதனால் பதிவை முடிக்கும்போதே மெல்லிய இடங்களைத் தூக்கி, உரத்த இடங்களைத் தட்டி, எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கம்ப்ரஷன் என்பது இதைத்தான். சத்தமான இடத்துக்கு இது வரம். இரவில் அமைதியான வீட்டில் ஹெட்போனில் கேட்டால், எல்லா வரியும் ஒரே மாதிரிக் கத்துகிறதே என்று அலுப்பாக இருக்கும். நேரில், வீணையின் கடைசி மீட்டல் தேய்வதற்கும் ஜமாப் வெடிப்பதற்கும் நடுவே இருக்கிற பெரிய இடைவெளி அப்படியே கிடைக்கும்.

சினிமாப் பாட்டில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவிடம் எம்.எஸ்.விஸ்வநாதன் வேலை பழகிய அந்த நாட்களில், பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அதாவது அந்தப் பழைய பதிவுகள், நடந்த ஒரு கச்சேரியின் பதிவு. பல தடங்களில் தனித்தனியாகப் பதிகிற முறை வந்த பிறகு, பாடகி ஓர் ஊரில், புல்லாங்குழல் இன்னோர் ஊரில், டிரம்ஸ் கணினியில் என்று ஆகிவிட்டது. அந்தப் பாட்டை எல்லோரும் சேர்ந்து ஒருமுறைகூட வாசித்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் கொடிசியாவில் கேட்டுவிட்டு, "ரெக்கார்டுல இருக்கற மாதிரி இல்லைங்களே" என்று குறைபட்டுக்கொள்வோம். இருக்காதுதான். அங்கே கேட்டதுதான் அந்தப் பாட்டின் முதல் கச்சேரி.

நடுவிலும் நிறைய உண்டு. நோம்பிக்கு வருகிற ஆர்கெஸ்ட்ராவில் பாடகர் நிஜமாகப் பாடுவார். பின்னால் பாதி வாத்தியம் மைனஸ் ட்ராக்கிலிருந்து, அதாவது பாடகர் குரல் இல்லாமல் பதிந்து வைத்ததிலிருந்து வரும். அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. கூட்டம் விசிலடித்து இன்னொரு தரம் சரணம் கேட்டாலும் அது பல்லவிக்குப் போய்விடும். எது நேரடி, எது பாதி நேரடி என்று கண்டுபிடிக்க இது நல்ல வழி: கூட்டம் கேட்கிறபடி பாட்டு வளைகிறதா என்று பாருங்கள்.

போகிறபோது சில விஷயங்கள்

கச்சேரியில் எங்கே உட்கார்வது? கூட்டத்துக்கு நடுவே மிக்ஸரை வைத்துக்கொண்டு ஓர் ஒலிப் பொறியாளர் நிற்பார். அவர் காதுக்குச் சரியாகக் கேட்கிற மாதிரிதான் எல்லாவற்றையும் திருகுவார். அவர் பக்கத்தில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். விலையுயர்ந்த முன்வரிசை ஓரங்களில் பாடகர் முகம் தெரியும். சத்தம் ஒரு பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து மட்டும் அறையும்.

காதுக்கு எல்லை உண்டு. கச்சேரி நடக்கும் இடங்களில் சராசரிச் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. டெசிபல் மூன்று கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிறது. பாதுகாப்பாகக் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. ஜமாப்புக்குப் பக்கத்தில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்கள் பத்தடி தள்ளிப் போகலாம். காதடைப்பான் மருந்துக்கடையிலேயே கிடைக்கும், விலையும் அதிகமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு காதில் ரீங்காரம் கேட்டால் அது அளவுக்கு மீறிப்போனதன் அடையாளம்.

சரி, எல்லோரும் எடுக்கிற வீடியோ? போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. சத்தம் கூடினால் தானாகவே அளவைக் குறைக்கும், குறைந்தால் தானாகவே ஏற்றும். அதனால் ஜமாப் அடி விழுந்ததும் பாட்டு அமுங்கி, அடுத்த நொடி மேலே எழும்பி, ஏதோ மூச்சு வாங்குகிற மாதிரிக் கேட்கும். ரொம்பப் பக்கத்தில் போனால் மைக் தாங்காமல் கொரகொரவென்று உடையும். முப்பது நாற்பது அடி தள்ளி நின்று எடுப்பது உத்தமம். மைக் துளை பெரும்பாலான போன்களில் அடிப்பக்கம் இருக்கும். போனைப் படுக்கவைத்துப் பிடிக்கும்போது பாதிப் பேர் உள்ளங்கையால் அதை மூடிக்கொண்டுதான் பதிவு செய்கிறார்கள்.